ஆழிக்குமரன் ஆனந்தனும் எங்க ஜிம்மோட நீல டிரம்மும்



முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எல்கேஜியிலிருந்து ப்ளஸ் டூ வரைக்கும் நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்ளோ நீளமா எழுதறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க. ஆனா கடைசி வரைக்கும் படிங்க, ஏன்னா இது ஒரு மனுஷனைப் பத்தின கதை மட்டும் இல்ல, உங்க கை கால்ல ஓடற ரத்தத்தைப் பத்தின கதையும்தான்.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் நாங்க போற ஜிம்முக்குப் போன மாசம் ஒரு புது விருந்தாளி வந்தது. நீல கலர், 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம். ஐஸ் பாரை உடைச்சு உள்ள கொட்டி, மேல தண்ணி ஊத்தினா ஐஸ் பாத் ரெடி. ரீல்ஸ்ல பெரிய பெரிய கிரிக்கெட் பிளேயர்லாம் உக்காந்திருக்கறதைப் பார்த்திருப்பீங்க. அதோட ஆவடி வெர்ஷன்னு வெச்சுக்கோங்க. லெக் டே முடிஞ்சதும் யார் அதிக நேரம் உள்ள இருக்காங்கன்னு போட்டி. என் ரூம்மேட் 11 நிமிஷம் இருந்தான். வெளிய வந்ததும் ஷூ லேஸைக் கட்டப் பார்த்தான், முடியல. விரல் அவன் பேச்சைக் கேக்கல. எல்லாரும் சிரிச்சோம், அவனும் சிரிச்சான். அடுத்த வாரம் 20 நிமிஷம் அடிக்கறேன்னு சவால் விட்டுட்டான்.

அன்னிக்கு நைட் எனக்குத் தூக்கம் வரல. நல்ல ஃபிட்டான ஒருத்தன், 140 கிலோ ஸ்குவாட் போடறவன், 11 நிமிஷத்துல ஒரு லேஸ் கட்ட முடியாத அளவுக்கு எப்படி ஆனான்? இதைத் தேடிப் போனப்பதான் எனக்கு ஒரு பேர் கிடைச்சது. நம்ம கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்த ஒரு தமிழரோட பேர். இலங்கைத் தமிழர் வீடுகளில் அந்தப் பேரைத் தெரியாதவங்க ரொம்பக் குறைவு. இங்க நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆழிக்குமரன் ஆனந்தன்.

வல்வெட்டித்துறையின் பிள்ளை

முழுப் பேர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். ரெக்கார்டு புத்தகங்களில் குமார் ஆனந்தன் என்று இருக்கும். 1943 மே 25-ம் தேதி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்குக் கரையில் இருக்கும் வல்வெட்டித்துறையில் பிறந்தார். மேப்பை எடுத்துப் பாருங்க. வல்வெட்டித்துறைக்கு நேர் எதிரே நம்ம கோடியக்கரை. நடுவில் பாக்கு நீரிணை. அந்த ஊர்க்காரங்களுக்குக் கடல்னா அது பீச் இல்ல, ரோடு. தலைமுறை தலைமுறையாகப் பாய்க்கப்பல் ஓட்டியவர்கள்.

அந்த ரோட்டை ஒருத்தர் ஏற்கனவே நீந்தியே கடந்திருந்தார். பக்கத்து ஊரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி. பாக்கு நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் அவர்தான். வருஷம் 1954. அப்போ ஆனந்தனுக்கு 10 வயசு. பக்கத்து ஊர் மனுஷன் ஒருத்தர் கடலையே நீந்திக் கடந்துட்டாருன்னு ஊரே பேசும்போது ஒரு 10 வயசுப் பையனுக்குள்ள என்ன ஓடியிருக்கும்? நம்ம தெருப் பையன் ஒருத்தன் ஐபிஎல்ல செலக்ட் ஆனா எப்படி இருக்கும், அதுக்கும் மேல.

1963-ல், 20 வயதை ஒட்டிய நேரத்தில், ஆனந்தனும் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். அதோட நிறுத்தியிருந்தாலே பெரிய விஷயம். 1971-ல் அவர் செய்ததுதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்து, திரும்பவும் தலைமன்னாருக்கே நீந்திப் போனார். ஒரு வழிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். மொத்தம் 51 மணி நேரம். நீங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குக் காலேஜ் விட்டு வீட்டுக்குப் போனா, ஞாயிற்றுக்கிழமை நைட் 8 மணி வரைக்கும். அவ்வளவு நேரமும் தண்ணியில. இழுத்துக்கிட்டே போற நீரோட்டம், இருட்டு, கடிக்கிற ஜெல்லி மீன், உப்புல வீங்கிப் போற நாக்கு. தூக்கம் கிடையாது.

ஆழின்னா கடல். ஆழிக்குமரன்னா கடலின் பிள்ளை. பொருத்தமா இல்ல?

இவர் முழு நேர விளையாட்டு வீரர்னு நினைச்சிடாதீங்க. படித்து வழக்கறிஞர் ஆனவர். ஸ்பான்சர் போட்ட ஜெர்ஸி, நியூட்ரிஷனிஸ்ட், பிசியோ எல்லாம் இன்றைய கதை. ஆனாலும் மொத்தம் ஏழு உலக சாதனைகள் அவர் பேரில் வந்தன. 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் இடைவிடாமல் சைக்கிள் ஓட்டினார். எட்டு நாளுக்கு நாலரை மணி நேரம்தான் குறைவு. 1980-ல் 33 மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றார். 80 மணி நேரம் தண்ணீரில் கால் ஊன்றாமல் மிதந்து நின்றார்.

இந்த சாதனைகளை ஒரு நிமிஷம் கவனிச்சுப் பாருங்க. வேகத்துக்கான சாதனை ஒன்றிரண்டு இருந்தாலும், பெரும்பாலும் எல்லாமே தாங்கறதைப் பத்தின சாதனைதான். ஒரே தசையை, ஒரே வேலையை, மணிக்கணக்காக, நாள்கணக்காகச் செய்ய வைக்கறது. அப்படிச் செய்ய அந்தத் தசைக்கு என்ன வேணும்? ஒரே வார்த்தையில சொன்னா, ரத்தம்.

பம்பும் வால்வுகளும்

மெக் பசங்களுக்கு இது ஈஸி. உங்க இதயம் ஒரு பம்ப். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 1 லிட்டர், தசைகளுக்குப் போகும். மிச்சம் மூளை, கிட்னி, குடல், தோல் எல்லாத்துக்கும்.

இப்போ நீங்க ஓட ஆரம்பிக்கறீங்க. நல்ல பயிற்சி உள்ள இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டர், அதுக்கு மேலயும் தள்ளும். அதோட பங்கீடும் மாறும். கடுமையான உடற்பயிற்சியில் மொத்த ரத்தத்தில் 80 சதவீதம் தசைகளுக்கே போய்விடும். கணக்குப் போடுங்க. 1 லிட்டர் இருந்த இடத்தில் 16 லிட்டர். பம்ப் நாலு மடங்கு ஆச்சு, தசைக்கு வந்தது பதினாறு மடங்கு. எப்படி? ஈசிஈ பசங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, இது ஒரு பேரலல் சர்க்யூட். ஒவ்வொரு உறுப்புக்கும் போகும் சின்னச் சின்ன தமனிகள் வேரியபிள் ரெசிஸ்டர் மாதிரி. வேலை செய்யற தசையில் ரெசிஸ்டன்ஸ் குறையும், குடலில் கூடும். கரன்ட் தானா எங்க வேணுமோ அங்க பாயும்.

இந்தத் தசைக்குள்ளே இருக்கும் நுண்குழாய்கள் ஓய்வில் நிறைய மூடியும், உழைக்கும்போது திறந்தும் ரத்தத்தை ஒழுங்குபடுத்துகின்றன என்று காட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் க்ரோக். அதுக்காக 1920-ல் நோபல் பரிசு வாங்கினார். பாக்கு நீரிணையில் ஆனந்தன் கையை வீசின ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னாலயும் இந்த வேலை நடந்துக்கிட்டு இருந்தது. தோளிலும் முதுகிலும் குழாய்கள் திறந்து, ஆக்ஸிஜனும் சர்க்கரையும் உள்ளே வந்து, கழிவும் சூடும் வெளியே போய்க்கொண்டே இருந்தன.

சூடு. இந்த வார்த்தையைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கோங்க. தசை எரிக்கும் எனர்ஜியில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் அசைவாக மாறும். மீதி எல்லாம் வெப்பம். அந்த வகையில் நம்ம தசையும் ஒரு பழைய பெட்ரோல் இன்ஜின்தான். அந்த வெப்பத்தைத் தசையிலிருந்து எடுத்துக்கொண்டு போவதும் ரத்தம்தான். அதாவது ரத்தம் ஒரே நேரத்தில் ஃபியூயல் லைன், அதே நேரத்தில் கூலன்ட் லைன். ரெண்டுக்கும் ஒரே பைப்.

வெதுவெதுப்பான கடலில் இது பிரச்சனை இல்லை. பாக்கு நீரிணையில் தண்ணீர் வருடத்தின் பெரும்பகுதி 27, 28 டிகிரியைச் சுற்றியே இருக்கும். உடம்பு 37. வித்தியாசம் 9 டிகிரி. நீந்தும்போது பிறக்கும் சூடு அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடு கட்டிவிடும். 51 மணி நேரம் என்பது களைப்போடும் தூக்கத்தோடும் உப்போடும் நடந்த சண்டை. குளிரோடு நடந்த சண்டை இல்லை.

வேற ஒரு கடல்

நீச்சல்காரங்களுக்கு எவரெஸ்ட் மாதிரி ஒண்ணு இருக்கு. ஆங்கிலக் கால்வாய். இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர் சொச்சம். 1875-ல் மேத்யூ வெப் கடந்தார். 1958-ல் மிஹிர் சென் அதைக் கடந்த முதல் இந்தியர் ஆனார். பின்னாடி 1994-ல் நம்ம சென்னைப் பையன் குற்றாலீஸ்வரன் 12 வயதிலேயே கடந்துட்டான். தூரத்தை மட்டும் பார்த்தா, 1971-ல் ஆனந்தன் நீந்தினதுல ஏறக்குறைய பாதி.

ஆனா இங்க எதிரி தூரம் இல்ல. ஆகஸ்ட் மாசத்துல, கோடைக்காலத்துலயே, அந்தத் தண்ணி 16லிருந்து 18 டிகிரி. வெட் சூட் போடக் கூடாது. சாதா நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி, உடம்பில் கிரீஸ் தடவிக்கலாம், அவ்வளவுதான். கூட வரும் படகைத் தொட்டால் முயற்சி செல்லாது. சாப்பாட்டைக் கயிற்றில் கட்டியோ கம்பில் வைத்தோ நீட்டுவார்கள், மிதந்துகொண்டே குடிக்க வேண்டும்.

16 டிகிரி எப்படி இருக்கும்னு நமக்கு அனுபவமே கிடையாது. எனக்குப் பூந்தமல்லி தாண்டி ஒரு கிணத்துலதான் மாமா நீச்சல் கத்துக் கொடுத்தார், இடுப்புல காலி கேனைக் கட்டி. மார்கழி காலைல குதிச்சா உயிரே போற மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம் ஆட்டம் போட்டுட்டு ஏறினா உதடு நீலமாகி, சட்டை பட்டன் போட வராது. அந்தத் தண்ணியே 20 டிகிரிக்கு மேலதான் இருந்திருக்கும். இன்னிக்குக் கால்வாய் நீந்த விண்ணப்பம் போடறவங்க, 16 டிகிரியோ அதுக்குக் குறைவோ இருக்கற தண்ணியில 6 மணி நேரம் நீந்திக் காட்டினதுக்கு சர்டிஃபிகேட் தரணும். நம்ம ஊர்ல இருந்து போறவங்களுக்கு அதைப் பழகவே இடம் தேடி அலையணும்.

1984 ஆகஸ்ட் 6. ஆனந்தனுக்கு வயது 41. ஏழு உலக சாதனைகளோடு அவர் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார்.

அந்த முயற்சியில் அவர் இறந்துபோனார்.

இந்த இடத்துல நான் படிக்கறதை நிறுத்திட்டேன். 51 மணி நேரம் நீந்தின மனுஷன். 187 மணி நேரம் சைக்கிள் மிதிச்ச மனுஷன். அவருக்கு வில் பவர் இல்லன்னு யாராலயாவது சொல்ல முடியுமா?

உடம்புக்குள் ஒரு பேரம்

இனி சொல்றது அந்த நாளோட மருத்துவ ரிப்போர்ட் இல்ல. குளிர்ந்த கடலில் நீந்தற எந்த மனித உடம்புக்குள்ளயும் நடக்கறது. உங்களுக்கும், எனக்கும், என் ரூம்மேட்டுக்கும்.

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கின முதல் ரெண்டு மூணு நிமிஷம் மூச்சு நம்ம கன்ட்ரோல்ல இருக்காது. தானா இழுக்கும், இதயம் படபடன்னு அடிக்கும். அந்த நேரத்துல தலை தண்ணிக்குள்ள இருந்தா ஆபத்து. இது அடங்கினதும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு தோணும். ஆனா உள்ளே ஒரு பேரம் ஆரம்பிச்சிருக்கும்.

தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இறுக மூடிக்கொள்ளும். உடம்பு ரத்தத்தை நடுப்பகுதிக்கு இழுத்துக்கொள்ளும். இதயத்தையும் மூளையையும் சூடாக வைக்க வேண்டுமே. நீங்க அசையாம இருந்தா தசைக்கும் ரத்தம் குறையும். இங்கதான் சுவாரசியம். ரத்தம் ஓடாத தசை ஒரு நல்ல இன்சுலேஷன். தெர்மோகோல் மாதிரி, உள்ளே இருக்கற சூட்டை வெளியே விடாம பிடிச்சு வெச்சுக்கும்.

1943-ம் வருஷம், ஆனந்தன் பிறந்த அதே வருஷம், ஹென்றி பார்க்ராஃப்ட், ஓட்டோ எட்ஹோம் என்று இரண்டு உடலியல் ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்கையை வேறு வேறு சூட்டில் உள்ள தண்ணீரில் வைத்து, உள்ளே ரத்தம் எவ்வளவு ஓடுகிறது, தசையின் ஆழத்தில் எத்தனை டிகிரி இருக்கிறது என்று பார்த்தார்கள். ரத்த ஓட்டத்தை எப்படி அளக்கறதுன்னு கேக்கறீங்களா? பிபி பார்க்கற கஃப் மாதிரி ஒண்ணை மேல் கையில் கட்டி, தமனி மூடாம, சிரை மட்டும் மூடற அளவுக்குக் காத்து அடிப்பாங்க. ரத்தம் உள்ளே வரும், வெளியே போக முடியாது. கை எவ்வளவு வேகத்துல வீங்குதோ அதுதான் ரத்தம் வர்ற வேகம். என்ன சிம்பிளான ஐடியா பாருங்க! கிடைத்த விடையும் தெளிவு. குளிர்ந்த தண்ணீரில் கையின் ரத்த ஓட்டம் சுருங்கிவிடும். தோல் மட்டும் குளிர்வதில்லை, நேரம் போகப் போக ஆழத்தில் இருக்கும் தசையே தண்ணீரின் சூட்டை நோக்கி இறங்கிக்கொண்டே போகும்.

இப்போ நீந்தறவரை நினைச்சுப் பாருங்க. அவரால் அசையாமல் இருக்க முடியாது. நீந்தினால்தான் அக்கரை. நீந்தத் தசைக்கு ரத்தம் வேணும். குழாய்களைத் திறந்தா ரத்தம் தோளுக்கும் கைக்கும் காலுக்கும் பாயும். ஆனா ஃபியூயல் லைனும் கூலன்ட் லைனும் ஒரே பைப்தானே? நெஞ்சுக்குள்ள இருந்து சூடாப் போற ரத்தம், குளிர்ந்த கையைச் சுத்திட்டு, சூட்டைக் கடலுக்குக் கொடுத்துட்டு, குளிர்ந்து திரும்பி வரும். அந்தத் தெர்மோகோல் ரேடியேட்டரா மாறிடுச்சு. காத்துல ஓடினா உடம்பு சூடாகும். ஒல்லியான ஒருத்தர் குளிர்ந்த தண்ணியில வேகமா நீந்தினா, சும்மா மிதக்கறதைவிட சீக்கிரமாவே உடம்பு குளிர்ந்து போகலாம்.

குழாய்களை மூடினா? தசை குளிர்ந்துடும். குளிர்ந்த தசை மெதுவா சுருங்கும், பலமும் குறையும். நரம்புல சிக்னல் மெதுவா போகும். குளிரில் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை எளிதில் விட்டுக் கொடுக்காது, அதனால வந்த ரத்தமும் முழுசாப் பயன்படாது. விரல்கள் ஒண்ணா சேராம விரிஞ்சு, வளைஞ்சு நிக்கும். கை வீசற எண்ணிக்கை குறைய ஆரம்பிக்கும். அதனாலதான் படகுல இருக்கறவங்க நிமிஷத்துக்கு எத்தனை வீச்சுன்னு எண்ணிக்கிட்டே வருவாங்க. நீந்தறவர் நல்லா இருக்கேன்னு சொன்னாலும் அந்த எண்ணிக்கை பொய் சொல்லாது.

திறந்தாலும் நஷ்டம், மூடினாலும் நஷ்டம். உடம்பு நடுவில் ஏதோ ஒரு பேரம் பேசிக்கிட்டே இருக்கும். அந்தப் பேரத்துல உங்க வில் பவருக்கு ஓட்டு கிடையாது. கையை வீசுன்னு மூளை ஆர்டர் போடலாம். அந்தக் கைக்கு எவ்வளவு ரத்தம் அனுப்பணும்னு யாரும் உங்களைக் கேக்கறதில்ல.

அப்போ மத்தவங்க எப்படிக் கடக்கறாங்க?

இதே கேள்வி எட்ஹோமுக்கும் வந்தது. 1953 எவரெஸ்ட் குழுவில் உடலியலாளராக இருந்த கிரிஃபித் பியூவோடு சேர்ந்து கால்வாய் நீச்சல்காரர்களை ஆராய்ந்து 1955-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் கவனித்தவர்களில் முக்கியமானவர் ஜேசன் சிர்கானோஸ், கிரேக்க ராணுவ அதிகாரி. பியூ ஒல்லியான ஆள். அவரும் அதே மாதிரி குளிர்ந்த தண்ணீரில் இறங்கிப் பார்த்தார். அவர் உடம்பின் சூடு வேகமாக இறங்கியது, சிர்கானோஸோ மணிக்கணக்கில் தாங்கினார். இரண்டு காரணங்கள். ஒன்று, தோலுக்கு அடியில் தடிமனான கொழுப்பு. கொழுப்புக்கு ரத்தம் அதிகம் வேண்டாம், அதனால் நீந்தும்போதும் அது இன்சுலேஷனாகவே இருக்கும். இரண்டு, மணிக்கணக்காக ஒரே சீராக நிறைய சூட்டை உண்டாக்கும் அளவுக்கு உழைக்கும் பயிற்சி.

ஜிம்முல நாம வெட்கப்படற தொப்பை அங்க உயிர் காக்கற கவசம். சிக்ஸ் பேக் வெச்சவன்தான் அங்க முதல்ல நடுங்குவான்.

ஆனா அந்தக் கவசத்துக்கும் எல்லை உண்டு. சிர்கானோஸ் 1959-ல் அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில் இருக்கற, இன்னும் குளிரான வடக்குக் கால்வாயில் நீந்தும்போது இறந்தார். விஞ்ஞானிகளே வியந்து அளந்த உடம்பு அது. அதையும் குளிர் விட்டு வைக்கல.

இன்னொரு விஷயம். கரையிலோ படகிலோ ஏறிட்டா ஆபத்து முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. தண்ணிக்குள்ள இருக்கும்போது நீரோட அழுத்தமே கால்ல இருக்கற ரத்தத்தை மேல தள்ளிக்கிட்டு இருக்கும். நேரா நிமிர்த்தித் தூக்கினா அந்த அழுத்தம் சட்டுன்னு போயிடும், ரத்தம் காலுக்கு இறங்கி பிபி விழும். அதனாலதான் ரொம்பக் குளிர்ந்தவங்களைப் படுத்த வாக்கிலேயே தூக்கணும்னு மீட்புப் பயிற்சியில சொல்லித் தர்றாங்க. வெளிய வந்த பிறகும் உடம்போட உள் சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கிட்டேதான் இருக்கும். ஈரத் துணியை மாத்தி, உலர்ந்த போர்வையால் சுத்தணும். கை காலைத் தேய்க்கக் கூடாது. நடக்க வைக்கவும் கூடாது.

திரும்ப நீல டிரம்முக்கு

சரி, ஐஸ் பாத் வேஸ்ட்டா? அப்படிச் சொல்ல மாட்டேன். தொடை வரைக்கும் குளிர்ந்த தண்ணியில உக்காந்தா தசைக்கு ரத்தம் குறையும், வலி கொஞ்சம் மரத்துப் போகும், மறுநாள் பிடிப்பும் குறைவா தெரியும். நாளைக்கே அடுத்த மேட்ச் இருக்கற கபடி டீமுக்கு அது உதவலாம்.

ஆனா நீங்க தசை ஏத்தணும்னு வெயிட் தூக்கறவங்களா? 2015-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. 12 வாரம் கால்களுக்கு வெயிட் டிரெய்னிங். ஒரு குழு ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் 10 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம் உட்கார்ந்தது. இன்னொரு குழு 10 நிமிடம் மெதுவாக சைக்கிள் மிதித்தது. கடைசியில் தசையும் பலமும் அதிகம் கூடியது சைக்கிள் மிதித்தவர்களுக்குத்தான். உழைச்ச தசைக்கு வர வேண்டிய ரத்தத்தையும், அது தன்னைக் கட்டிக்கறதுக்கான சிக்னலையும் குளிர் அடக்கி வெச்சிடுது. லெக் டே முடிச்சிட்டு டிரம்முக்குள்ள குதிக்கறது, செமஸ்டர் முழுக்கப் படிச்சிட்டு எக்ஸாம் அன்னிக்கு லீவு போடற மாதிரி.

எல்லாத்தையும் படிச்சிட்டு என் ரூம்மேட்கிட்ட சொன்னேன். முதல்ல அறிவியல் சொன்னேன், அவன் போனைப் பார்த்துக்கிட்டே தலையாட்டினான். பிறகு ஆனந்தனைப் பத்திச் சொன்னேன். 51 மணி நேரத்துல போனைக் கீழ வெச்சான். 1984 வரும்போது ஒண்ணும் பேசல. ரொம்ப நேரம் கழிச்சு, அந்த லேஸ் கட்ட முடியாத அன்னிக்கு உள்ளுக்குள்ள பயந்துட்டதாகவும், எல்லாரும் சிரிச்சதால தானும் சிரிச்சதாகவும் ஒத்துக்கிட்டான். 20 நிமிஷ சவாலை வாபஸ் வாங்கிட்டான். இதைப் பேரோட போடாதேன்னு கேட்டுக்கிட்டான், அதான் ரூம்மேட்னு மட்டும் எழுதியிருக்கேன்.

உங்க கேங்லயும் இப்படி ஒரு டிரம் இருந்தா மூணே விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. தனியா இறங்காதீங்க. போட்டி போடாதீங்க. இதயப் பிரச்சனை, பிபி இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம பக்கத்துலயே போகாதீங்க. விரல் சொன்ன பேச்சைக் கேக்கலன்னா அது காமெடி இல்ல, உடம்பு கொடுக்கற முதல் நோட்டீஸ்.

ஆனந்தன் கதையை அவர் தோத்துப்போன கதையா நான் பார்க்கல. அவருக்கு முன்னாடியும் பின்னாடியும் அந்தக் குளிர் எத்தனையோ பெரிய நீச்சல்காரர்களைத் திருப்பி அனுப்பியிருக்கு. நம்ம கடல் கத்துக் கொடுத்த எல்லாத்தையும் அவர் கத்துக்கிட்டு, அதுக்கும் மேல ஒண்ணைத் தேடிப் போனார். வல்வெட்டித்துறையில் இன்று அவர் பேரில் ஒரு நீச்சல் குளம் இருக்கு. அங்க பசங்க நீச்சல் கத்துக்கறாங்க.

அடுத்த தடவை நீங்க ராமேஸ்வரம் டூர் போனா, தனுஷ்கோடி முனையில செல்ஃபி எடுத்த பிறகு ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் பாருங்க. 1971-ல் ஒரு மனுஷன் அந்தக் கடல்ல இருந்து வந்து, இங்கிருந்து திரும்பி, அதே கடலுக்குள்ளயே நீந்திப் போனார். அவர் தோள்ல அப்போ 51 மணி நேரம் விடாம ரத்தம் ஓடிக்கிட்டு இருந்தது.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம், பிராஜக்ட் ரிவ்யூ முடிஞ்சு உயிரோட இருந்தா!

– இறுதியாண்டு, மெக்கானிக்கல்